வீட்டில் கை போனவர்கள்

முனீஸ்வரியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் துறையில் ஒருவர், "அந்த ரெக்கார்டு ரூம் அம்மாவா? அவங்களப் பத்தி எழுத என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த இதை அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால்தான் வேலை ஓடும்.

நான் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சமூக மருத்துவத் துறை டாக்டர். ஊசி போடுவதில்லை, எண்ணிக்கை எடுப்பேன். எந்த ஊரில் என்ன காய்ச்சல், எத்தனை பேருக்கு வந்தது, ஏன் வந்தது என்று கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் மாமியார் இன்றுவரை என்னை டாக்டர் என்று ஒப்புக்கொண்டதில்லை. தலைவலி என்றால் பக்கத்துத் தெரு டாக்டரிடம்தான் போவார்.

முனீஸ்வரி அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைப் பாதுகாக்கும் அறையில் வேலை பார்க்கிறார். வயது நாற்பத்தொன்பது. சொந்த ஊர் பேரையூரைத் தாண்டி ஒரு மானாவாரிக் காட்டு ஊர். அப்பா நல்லகாமன் கிணறு வெட்டுகிறவர். பாறைக்கு வைத்த வேட்டு முன்னாலேயே வெடித்ததில் அவருக்கு ஒரு காது போய்விட்டது. அதற்காக யாரிடமும் அவர் எதுவும் கேட்கவில்லை, கேட்கலாம் என்றும் அவருக்குத் தெரியாது. மகள் பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கில் இரண்டு மொழியிலும் ஹையர் பாஸ் செய்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு எட்டு வருஷம் காத்திருந்தாள். இருபத்தாறு வயதில் ஆர்டர் வந்தது. அந்தக் கவரைப் பிரிக்காமலேயே அப்பா ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்தாராம்.

கேஸ் ஷீட் அறை என்றால் ஏதோ குளுகுளு அறை என்று நினைத்துவிட வேண்டாம். இரும்பு அலமாரி, அதற்கு மேலே மூட்டை, அதற்கும் மேலே ஒட்டடை. யாராவது ஜன்னலில் வந்து நின்று, "போன ஆடி மாசம், கால் முறிவு, பேரு கருப்பு" என்றால், "எந்தக் கருப்பு? அலங்காநல்லூரா, கொட்டாம்பட்டியா?" என்று கேட்டுக்கொண்டே முனீஸ்வரி ஏணியில் ஏறிவிடுவார். பத்து நிமிஷத்தில் ஷீட் கையில் இருக்கும். எழுத்தைப் பார்த்தே எந்த வார்டு நர்ஸ் எழுதியது என்று சொல்வார். டாக்டர்கள் தாங்களே எழுதியதைப் படிக்க முடியாமல் அவரிடம் கொண்டுவந்து நீட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நீட்டியவர்களில் நானும் ஒருவன்.

போன வருஷம் எனக்கு ஓர் ஆய்வு வந்தது. வேலையிடத்தில் ஏற்படும் காயங்கள் எவ்வளவு கடுமையானவை என்பதை ஆஸ்பத்திரிப் பதிவுகளைக் கொண்டே அளக்க வேண்டும். ஆறு வருஷத்துக் கேஸ் ஷீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட ஒரு படிவம் தயாரித்தேன். எத்தனை நாள் படுக்கையில் இருந்தார், ஆபரேஷன் நடந்ததா, உறுப்பு ஏதாவது போயிற்றா என்று கேள்விகள். மூன்று நாளுக்குள் வீட்டுக்குப் போனவர் என்றால் மற்றக் கட்டங்களைப் பார்க்கவே வேண்டாம், லேசான காயம், ஒரு மதிப்பெண். படிவம் அழகாக இருந்தது. கட்டம் கட்டமாக, ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஷீட்டுகளை எடுத்துப் பிரித்துத் தருவது முனீஸ்வரியின் பொறுப்பு. ஒரு மாதத்தில் இரண்டு கட்டுகள் கட்டிவிட்டார். வேலையிடத்தில் அடிபட்டவர்கள் ஒரு கட்டு, வீட்டிலும் மற்ற இடங்களிலும் அடிபட்டவர்கள் ஒரு கட்டு. எனக்கு வேண்டியது முதல் கட்டு மட்டும்தான். மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்து மில்களிலும் பட்டறைகளிலும் காயங்கள் குறைவு, பட்டதும் பெரும்பாலும் லேசு என்று வந்தது. சென்னையில் ஒரு கருத்தரங்கில் பேசுவதற்குப் படங்கள்கூடத் தயார் செய்துவிட்டேன்.

"சார், வீட்டுக் கட்டைப் பாத்தீங்களா?" என்றார் முனீஸ்வரி ஒருநாள்.

"அது நமக்கு வேண்டாம்மா."

"வீட்டு கிரைண்டர்ல கை மாட்டுனவங்க மட்டும் நாப்பத்தொரு பேரு சார். அதுல இருபத்தொம்பது பேரு ஆம்பளைங்க."

"அதனால?"

"எங்க பக்கம் ஆம்பளைங்க மாவாட்டி நான் பாத்ததே இல்ல சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பதிவில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆய்வு, நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். பெயர் தங்கப்பொண்ணு, சோழவந்தான் பக்கத்து ஊர். தென்னை நார் மில்லில் மட்டை போடுகிற வேலை. ஊறிய தேங்காய் மட்டையை மெஷினின் வாயில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே சுற்றுகிற இரும்புப் பற்கள் அதை நாராகக் கிழித்துவிடும். நான்கு வருஷத்துக்கு முன்னால் மட்டையோடு அவள் கையும் உள்ளே போய்விட்டது. நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் துறையில் மனுப் போட்டிருக்கிறாள். விபத்து எங்கள் மில்லில் நடக்கவே இல்லை, வேண்டுமானால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பாருங்கள் என்று மில்காரர் பதில் போட்டிருக்கிறார். மூன்று வாரத்தில் விசாரணை. அன்று பதிவேடு என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு என்று அவளுடைய வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார்.

முனீஸ்வரி ஷீட்டை எடுத்து வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். அது வீட்டில் அடிபட்டவர்கள் கட்டுக்குள் இருந்தது. முதல் பக்கத்தில், வீட்டுக் கிரைண்டரில் வலது கை மாட்டிக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்ததும் முனீஸ்வரி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எழுதியது அவரேதான்.

கேஸ் ஷீட் அறைக்கு வருவதற்கு முன்பு முனீஸ்வரி விபத்துப் பிரிவின் மேசையில் பல வருஷம் இருந்தவர். காயத்தை டாக்டர் பார்த்து எழுதுவார். பெயர், ஊர், எங்கே, எப்படி என்ற வரிகளை மேசையில் இருப்பவர் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்குவது அங்கே நடைமுறையாகிவிட்டிருந்தது. ஐந்தாறு பேர் ரத்தத்தோடு வரிசையில் நிற்கும்போது யார் வாய் திறந்து பதில் சொல்கிறாரோ அவரைக் கேட்டு எழுதுவதுதான் சுலபம். மில்லில் அடிபட்டவருடன் மில் ஆள்தான் வண்டி வைத்துக் கூட்டி வருவார். வேலையிடத்தில் அடிபட்டது என்று எழுதினால் போலீசுக்குத் தகவல் போகும், தொழிற்சாலை ஆய்வாளர் வருவார். கிரைண்டர் என்றால் யாரும் வரமாட்டார்கள்.

"நீங்கதான எழுதுனீங்க?" என்றாள் தங்கப்பொண்ணு. "எனக்கு உங்க மொகம் நெனப்பிருக்குக்கா. சூப்பர்வைசர் விருமாண்டி அண்ணன்தான் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் சொன்னாரு. எம் பேரக்கூட அவருதான் சொன்னாரு. நீங்க என்னைய ஒரு வார்த்த கேக்கல."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை அது. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

தங்கப்பொண்ணே தொடர்ந்தாள். "கேட்டிருந்தாலும் சொல்லிருப்பேனான்னு தெரியலக்கா. ஆஸ்பத்திரி செலவ நாங்க பாத்துக்கிறோம், கேஸ் கீஸுன்னு போனா மில்லப் பூட்டிருவாகன்னு வண்டியிலயே சொல்லிட்டாக. எங்க நாத்துனா, ஓரகத்தி அம்புட்டுப் பேரும் அங்கனதான வேல பாக்குறாக."

"மூணாம் நாளே எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கீங்களேம்மா, ஏன்?" என்று நான் கேட்டேன். படிவம் தயாரித்த என் மூளை அப்படித்தான் ஓடும்.

"மக முத்துமீனாவுக்குச் சடங்கு சார். பத்திரிக்கை குடுத்தாச்சு, மண்டபம் பேசியாச்சு. எங்கண்ணன் சீர்த் தட்டோட வந்து நிக்கையில பெத்தவ இங்க படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்? கட்டோட போயி நின்னேன். பட்டுச் சேலைக்குள்ள கையை மறச்சுக்கிட்டேன், ஒருத்தருக்கும் தெரியல."

அந்தக் கட்டை ஆறு நாள் பிரிக்கவே இல்லை. சீழ் வைத்த பிறகு ஊர்ப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் காட்டியிருக்கிறாள். எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்தது இரண்டு விரல். அங்கே மூன்றாவதையும் எடுத்துவிட்டார்கள், கட்டைவிரலும் மடங்காமல் விறைத்துப்போயிற்று. அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பதிவில் இருப்பது இவ்வளவுதான்: வீடு, இரண்டு விரல், மூன்று நாள், சொந்த விருப்பத்தில் போனார். நஷ்டஈட்டு மனுவுக்காக முதலில் ஊனச் சான்றிதழ் கொடுத்த டாக்டரும் இதைப் பார்த்துத்தான் இருபது சதவீத ஊனம் என்று எழுதியிருந்தார். நான் அளந்திருந்தால் ஒரு மதிப்பெண் போட்டிருப்பேன். அதுவும் அவள் ஷீட் சரியான கட்டுக்குள் இருந்திருந்தால்.

முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள். சுண்டுவிரல் மட்டும் அசைந்தது. முனீஸ்வரி அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அழுகைக்காரர் இல்லை அவர்.

அழுது முடித்ததும் ஷீட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிக்கு முந்தின பக்கத்தில் நர்ஸ் தமிழ்வாணி பொடி எழுத்தில் எழுதியிருந்த குறிப்பு ஒன்று அகப்பட்டது. காயத்தைக் கழுவும்போது உள்ளேயிருந்து தென்னை நார் நிறைய எடுக்கப்பட்டது என்று இருந்தது.

"எந்த கிரைண்டர்ல சார் தென்னை நாரு வரும்?" என்றார்.

எனக்கும் ஒரு வேகம் வந்தது. ஆனால் தங்கப்பொண்ணின் வக்கீலிடம் போனில் சொன்னபோது அவர் பெரிதாக மகிழவில்லை. சோழவந்தான் பக்கம் தேங்காய் உரிக்காத வீடு எது என்று எதிர்த்தரப்பு கேட்கும், முதல் பக்கத்து வரியை அசைக்காமல் அந்தக் குறிப்பு நிற்காது என்றார். அந்த வரியை அசைக்க அதை எழுதியவரால்தான் முடியும்.

அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று அரசு வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டில் விசாரிக்காமல் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் மெமோ வரும். அடுத்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு நிற்கும். "நகலை மட்டும் குடுத்துட்டுப் பேசாம இருங்கம்மா. மத்தத வக்கீல் பாத்துக்குவாரு" என்று நான்தான் சொன்னேன். நல்லவன் போலத்தான் சொன்னேன்.

முனீஸ்வரியின் வீட்டுக்காரர் அழகுபாண்டி சிம்மக்கல்லில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அன்று முனீஸ்வரி கடைக்கே போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். முழுதாகக் கேட்டுவிட்டு அவர், "வேலையவிட்டுத் தூக்குவாகளா?" என்று கேட்டாராம். தூக்கமாட்டார்கள் என்றதும், "பெறகென்ன, போயிச் சொல்லிட்டு வா" என்று காயில் சுற்றப் போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது முனீஸ்வரிக்குக் கொஞ்சம் பெருமை.

விசாரணை நாளில் பதிவுகளோடு ஆஜராகும்படி ஆஸ்பத்திரிக்கு சம்மன் வந்திருந்தது. வேறு ஆளை அனுப்பியிருக்கலாம், முனீஸ்வரி தானே போகிறேன் என்றார். நானும் போனேன். சின்ன அறை, ஒரு மின்விசிறி, விசாரிக்கத் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர். மில் வக்கீல் சுறுசுறுப்பான ஆள்.

"இது யார் எழுத்துங்க?"

"என் எழுத்துதாங்க."

"வீட்டுக் கிரைண்டர்னு எழுதியிருக்கீங்க. சரியா?"

"எழுதியிருக்கேங்க."

அவர் அதிகாரியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்காரப் போனார். "ஆனா நான் இந்தம்மாகிட்டக் கேக்கலைங்க" என்றார் முனீஸ்வரி. "கூட வந்த மில்லு சூப்பர்வைசர் சொன்னத எழுதுனேன். இந்தம்மா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், கேக்கல."

"அப்ப பொய்யா எழுதுனீங்கன்னு ஒத்துக்கிறீங்களா?"

"ஆமாங்க."

வக்கீல் அதட்டலாகக் கேட்டுப் பழகியவர். இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு தமிழ்வாணியின் குறிப்பு படிக்கப்பட்டது. அதிகாரி இரண்டு முறை வாங்கிப் படித்தார். கையை மருத்துவக் குழு புதிதாக அளந்து சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

குழுவில் மூன்று டாக்டர்கள். இந்த முறை அவர்கள் காகிதத்தைப் பார்த்து அளக்கவில்லை. பேனாவைப் பிடிக்கச் சொன்னார்கள், தண்ணீர்ச் செம்பைத் தூக்கச் சொன்னார்கள், ரவிக்கை ஊக்கு ஒன்றைக் கொடுத்து மாட்டச் சொன்னார்கள். செம்பு இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை தூக்கச் சொன்னபோது, "இடது கையால தூக்குறேன் சார், அதுல எல்லாம் செய்வேன்" என்றாள் தங்கப்பொண்ணு. தோற்றுவிட்டோமோ என்ற பயம் அவளுக்கு. ஐம்பது சதவீதம் என்று குழு எழுதியது. காயம் மில்லில் ஏற்பட்டதுதான் என்றும், அந்த ஐம்பதை வைத்தே நஷ்டஈடு தர வேண்டும் என்றும் அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது.

செய்தி தெரிந்த அன்று தங்கப்பொண்ணு ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வந்து ஒரு சீப்பு நாட்டுப்பழத்தை வைத்துவிட்டு, "வாரேங்க்கா" என்று சொல்லிக்கொண்டு போனாள். முனீஸ்வரி அதை அறையில் எல்லோருக்கும் பங்கு வைத்தார். நான் இரண்டு சாப்பிட்டேன்.

மெமோவும் வந்தது. ஒரு பதிவில் விசாரிக்காமல் தவறான விவரம் எழுதியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, பதினைந்து நாளில் விளக்கம் தேவை. இப்படிப்பட்ட மெமோவுக்குப் பதில் எழுதுவதில் ஆஸ்பத்திரியில் எல்லோரும் கைதேர்ந்தவர்கள். வேலைப் பளு, கவனக்குறைவு, இனி நேராது, மன்னித்தருள வேண்டுகிறேன். நாலு வரி, முடிந்தது. அதையேதான் நானும் முனீஸ்வரிக்கு எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டு வேறொன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். விளக்கத்தோடு ஒரு பட்டியலை இணைத்திருந்தார். வீட்டுக் கிரைண்டர் என்று முனீஸ்வரியின் கையால் எழுதப்பட்ட பதிவுகள், பெயர், ஊர், தேதியோடு. மொத்தம் இருபத்துமூன்று. இவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்துப் பதிவைத் திருத்த வேண்டும் என்று கீழே கேட்டிருந்தார்.

"ஒண்ணுன்னா கவனக்குறைவுன்னு முடிச்சிரலாம் டாக்டர். இருபத்துமூணுன்னா ஆஸ்பத்திரி பேரு என்ன ஆகுறது? அந்தம்மா பதவி உயர்வும் போச்சு. உங்க பேச்சக் கேப்பாங்க, பட்டியல மட்டும் எடுத்துரச் சொல்லுங்க" என்றார் அலுவலக மேலாளர்.

பட்டியலை எடுத்துக்கொண்டு கேஸ் ஷீட் அறைக்குப் போனேன். ஏணியில் இருந்தார். இறங்கி வந்ததும் மேலாளர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். "அந்த ஷீட்டெல்லாம் என் ஆய்வுக்குப் பிரிச்சீங்களே, அப்பவே உங்க எழுத்துன்னு தெரியுமாம்மா?" என்றும் கேட்டேன்.

"தெரியாம இருக்குமா சார்? பாத்துட்டு அடுத்த ஷீட்டுக்குப் போயிட்டேன்" என்றார். ஏணியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, "ஒண்ணுதான்னு இப்ப எழுதிக் குடுத்தா அதுவும் பொய்தான சார். இருபத்துமூணு எழுதியாச்சு. இருபத்துநாலாவது என் கையால வேண்டாம்" என்றார்.

ஜன்னலில் யாரோ கேஸ் ஷீட் கேட்டு நின்றார்கள். முனீஸ்வரி அந்தப் பக்கம் போனார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, வீட்டுக் கட்டைப் பிரித்து இருபத்துமூன்று ஷீட்டையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிட்டு, பட்டியலின் கீழே சரிபார்த்தேன் என்று எழுதி, என் பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்திட்டேன்.